ஒரு எம்.பி. எதற்கு வாக்களித்தார், வெளியே என்ன கதைத்தார்: சரிபார்ப்பது எப்படி?

வெள்ளவத்தை வாசகன் கேட்டது:

கொழும்பு மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்களில் சிலரைத் தெரிந்தெடுத்து, 2015 முதல் அவர்கள் முக்கியமான வாக்கெடுப்புகளில் எந்தப் பக்கம் நின்றார்கள், அதைப் பற்றி வெளியே என்ன சொன்னார்கள் என்று தமிழில் ஓர் அட்டவணை போட வேண்டும். பதினைந்து, இருபது வாக்கெடுப்பு காணும். வட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்களை நம்பி நிரப்ப விருப்பமில்லை.

சிக்கல்கள் இவை. அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்துக்குச் சார்பாக 215 என்று ஓரிடத்தில் இருக்கிறது, 212 என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எதிராக ஒன்று என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். 2022 ஒக்டோபரில் நிறைவேறியதைச் சிலர் 22ஆம் திருத்தம் என்கிறார்கள், சிலர் 21 என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? அடுத்தது, சபைக்கு வராதவரை எந்தக் கட்டத்தில் போடுவது? எதிர்த்தவர் என்றா, தப்பி ஓடியவர் என்றா? கடைசியாக, ஒரே ஆள் தமிழ் ஊடகத்துக்கு ஒன்றும் சிங்கள ஊடகத்துக்கு வேறொன்றும் சொல்லியிருந்தால் எதை மூலமாக எடுப்பது?

மந்திரி டொட் எல்கே பார்த்தேன். அது சபையில் யார் எவ்வளவு பங்கெடுத்தார் என்று புள்ளி போடுகிறது. எனக்கு வேண்டியது வாக்கு.

---

பத்தி எண் எழுதியது:

ஹன்சாட்டில் (பாராளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வ அறிக்கை) தொடங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதிவாரியாகப் பிடிஎஃப் இருக்கிறது. பத்திரிகைச் செய்தியில் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வரும். பெயர்ப் பட்டியல் ஹன்சாட்டில்தான்.

உங்கள் 215, 212 இரண்டுமே சரி. ஒரு சட்டமூலம் ஒரே நாளில் இரண்டு தடவை எண்ணப்படலாம். இரண்டாம் மதிப்பீட்டில் (பத்திரிகைகள் ‘இரண்டாம் வாசிப்பு’ என்று எழுதுவது இதைத்தான்) கொள்கையளவில் ஏற்பதா என்று கேட்பார்கள். பிறகு குழு நிலையில் வாசகம் வாசகமாகத் திருத்துவார்கள். அதன்பின் மூன்றாம் மதிப்பீடு. 2015 ஏப்ரல் 28 அன்று 19ஆம் திருத்தத்துக்கு இரண்டு எண்ணிக்கை நடந்தது. இடையில் சிலர் எழுந்து போய்விட்டார்கள். கூட்டிப் பாருங்கள்: 215 சார்பு, 1 எதிர், 1 விலகல், 7 வரவில்லை, சபாநாயகர் 1. மொத்தம் 225. மற்றது 212, 1, 1, 10, சபாநாயகர் 1. அதுவும் 225. கணக்கு 225இல் வந்து நிற்காவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது, அல்லது ஆசனமொன்று அப்போது வெறுமையாக இருந்திருக்கிறது. 20ஆம் திருத்தம் அப்படி: 2020 ஒக்டோபர் 22, சார்பு 156, எதிர் 65. மீதி 4. அதில் ஒன்று சபாநாயகர், இன்னொன்று அபே ஜன பல கட்சியின் தேசியப்பட்டியல் ஆசனம். அந்த ஆசனம் 2021 ஜனவரி வரை நிரப்பப்படவில்லை. இதைக் கவனிக்காதவர்கள் ‘நாலு பேர் ஒளித்துவிட்டார்கள்’ என்று படம் போட்டார்கள்.

21, 22 குழப்பம் வேறு வகை. வர்த்தமானியில் வந்தபோது அது 22ஆம் திருத்தச் சட்டமூலம். அதற்கு முன் வரிசையில் நின்ற சட்டமூலம் நிறைவேறாததால், இது சட்டமானபோது 21ஆம் திருத்தம் ஆனது. வாக்கெடுப்பு நாள் 2022 ஒக்டோபர் 21. ஹன்சாட்டில் தேடும்போது சட்டமூலத்தின் பெயரைக் கொடுங்கள், அட்டவணையில் சட்டத்தின் பெயரைப் போடுங்கள், பக்கத்தில் மற்றதையும் குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாக்கை இரண்டு வரிசையாகப் போட்டுவிடுவீர்கள்.

பிடிஎஃப்பில் தேடுவது பற்றி. பல ஹன்சாட் கோப்புகளில் தமிழ், சிங்கள எழுத்துகள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரியும். பிரதியெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வரும். ஆகவே ‘வீரசேகர’ என்று யுனிகோடில் அடித்து ஒன்றும் கிடைக்காவிட்டால் அவர் கதைக்கவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். முகப்பிலுள்ள உள்ளடக்கத்தைப் பார்த்து விடயத்தைக் கண்டுபிடித்து, பத்தி (column) எண்ணைப் பிடித்துப் போங்கள். ஹன்சாட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பத்தி, எண்ணும் பத்திக்குத்தான். மேற்கோள் காட்டும்போது தொகுதி, இலக்கம், திகதி, பத்தி நான்கையும் எழுதுங்கள். பிடிஎஃப் பக்க எண்ணை எழுதினால் கடைசிப் பதிப்பில் ஒத்துவராது.

அந்தக் கடைசிப் பதிப்பு என்பது முக்கியம். முதலில் ஏறுவது ‘பிழை திருத்தப்படாதது’. உறுப்பினர் தன் பிரதியில் திருத்தங்களைக் குறித்து, அது கிடைத்த இரு வாரங்களுக்குள் ஹன்சாட் பதிப்பாசிரியருக்கு அனுப்பலாம். பெயர், எண், இலக்கணம் போன்றவைதான் பெரும்பாலும் மாறும். ஆனால் நீங்கள் ஒரு வசனத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்துப் போட்டிருந்தால் எந்தப் பதிப்பு என்று குறித்து வையுங்கள். யாராவது ‘ஹன்சாட்டில் அப்படி இல்லையே’ என்று வருவார்கள்.

இன்னும் இரண்டு சின்ன விடயம். அடைப்புக்குறிக்குள் அக்கிராசனக் கட்டளைப்படி அகற்றப்பட்டது என்று வந்தால் அந்த இடத்தில் ஏதோ சொல்லப்பட்டு நீக்கப்பட்டிருக்கிறது. காணொளியில் அது இருக்கலாம், அச்சில் இராது. நேரம் போதாமல் உரையின் மீதியைச் சபாபீடத்தில் வைத்தால் (வாசிக்காமல் எழுத்தில் ஒப்படைத்தால்) அந்தப் பகுதியும் ஹன்சாட்டில் அச்சாகும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. ‘சபையில் முழங்கினார்’ என்று எழுத ஏலாது.

---

முதற்கோலாசான் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று: எண்ணிக்கையைப் பார்க்கும் முன் வினா என்ன என்று பாருங்கள். இதில்தான் அதிகம் பேர் சறுக்குவது.

2018 ஏப்ரல் 4. அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை. சார்பு 76, எதிர் 122, வராதவர் 26. இங்கே ‘எதிராக’ வாக்களித்தவர் பிரதமரைக் காப்பாற்றியவர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 16 பேரும் அந்த 122க்குள். பட்டியலை மட்டும் பார்த்து ‘ரணிலுக்கு எதிராக வாக்களித்தார்கள்’ என்று போட்டவர்கள் உண்டு. 2024 மார்ச் 21 அன்று சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தனவுக்கு எதிரான பிரேரணையும் இதே கதை: சார்பு 75, எதிர் 117. உங்கள் அட்டவணையில் ‘சார்பு / எதிர்’ என்று மட்டும் போடாமல், ‘வினாவுக்கு’ என்று ஒரு நிரலும் ‘விளைவு’ என்று இன்னொரு நிரலும் வையுங்கள்.

அடுத்தது, வாக்கெடுப்பே நடக்காத விடயங்கள். சபாநாயகர் வினா விடுப்பார், குரலைக் கேட்டு முடிவைச் சொல்வார். யாராவது ஒருவர் வாக்கெடுப்புக் கேட்டால்தான் மணி ஒலிக்கும், பெயர் பதிவாகும். கேட்காவிட்டால் ஹன்சாட்டில் ‘வினா விடுக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். 2023 யூலை 19 அன்று ஊழல் எதிர்ப்புச் சட்டமூலம் அப்படித்தான் போனது. 225 பேரில் யார் விரும்பினார், யார் விரும்பவில்லை என்று அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் (Online Safety Bill) இன்னும் நுணுக்கம். 2024 ஜனவரி 24, இரண்டாம் மதிப்பீடு: சார்பு 108, எதிர் 62. மூன்றாம் மதிப்பீடு வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. ஆக ‘இறுதி வாக்கெடுப்பில் எதிர்த்தேன்’ என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு வாக்கெடுப்பு இல்லை. இரண்டாம் மதிப்பீட்டில் எதிர்த்திருக்கலாம், அது 62 பெயருக்குள் இருக்கும். ‘மூன்றாம் மதிப்பீட்டில் ஏன் வாக்கெடுப்புக் கேட்கவில்லை’ என்பது எதிர்க்கட்சியிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. ஆனால் அதைத் தனி ஒரு உறுப்பினரின் தலையில் கட்டுவது சரியல்ல.

குழு நிலையில் நடப்பதையும் தள்ளிவிட வேண்டாம். அந்தச் சட்டமூலத்தில் பல வாசகங்களைத் திருத்தினால்தான் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. திருத்தங்கள் எல்லாம் முறைப்படி உள்ளே வந்தனவா என்ற சண்டைதான் பிறகு சபாநாயகருக்கு எதிரான பிரேரணையாக மாறியது. ஓர் எம்.பி. இன்ன வாசகம் ஆபத்து என்று வெளியே கதைத்திருந்தால், வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தையும் சான்றுப்படுத்திய சட்டத்தையும் (2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) பக்கத்தில் பக்கமாக வைத்து அந்த வாசகம் இன்னும் இருக்கிறதா, எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். குழு நிலைக்குப் பிறகு வாசக எண் நகர்ந்து போவது சர்வசாதாரணம்.

வராதவரைப் பற்றி: ‘வ’ என்று மட்டும் போடுங்கள். காரணம் தெரியாது. வெளிநாட்டில் இருந்திருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருந்திருக்கலாம், கன்டீனில் தேத்தண்ணீர் குடித்திருக்கலாம். அதற்கு அரசியல் பொருள் கொடுப்பது நம் வேலையல்ல.

---

கறுவாத்தோட்டம் 7 எழுதியது:

//அதற்கு அரசியல் பொருள் கொடுப்பது நம் வேலையல்ல//

இதில் உடன்பாடில்லை. நோக்கம் என்ன என்று நமக்குத் தெரியாது, சரி. ஆனால் வராததன் விளைவு என்ன என்று துல்லியமாகச் சொல்லலாம். அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

சாதாரணச் சட்டத்துக்கு உறுப்புரை 72: சமுகமளித்து வாக்களிக்கிறவர்களில் பெரும்பான்மை. வராதவர் கணக்கிலேயே இல்லை. அவர் வராமல் இருப்பதால் வெல்லத் தேவையான எண் இறங்குகிறது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு உறுப்புரை 82(5): வராதவரையும் சேர்த்து முழு எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு. அதாவது 225இல் 150. வந்தவர் நூறு பேரானாலும் தேவை 150தான். அங்கே வராதவர் நடைமுறையில் எதிர்த்தவருக்குச் சமம்.

2022 மார்ச் 22 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கான (PTA) திருத்தச் சட்டமூலத்தைப் பாருங்கள். சார்பு 86, எதிர் 35. மொத்தமே 121 பேர். சபாநாயகரைக் கழித்தாலும் நூறு பேருக்கு மேற்பட்டோர் வாக்களிக்கவே இல்லை. 86 என்பது 225இல் பாதியும் இல்லை. ஆனால் 72இன்படி அது நிறைவேறும், நிறைவேறியது. இதே 86 ஓர் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு விழுந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். PTA பற்றி மேடையில் நெருப்பாகக் கதைத்த ஒருவர் அன்று வரவில்லை என்றால் வாசகர் அறிய வேண்டியது அதுதான்: அவர் வராதது எதிர்த்தவர்களுக்கு உதவவில்லை. ஏன் வரவில்லை என்பதை அவரிடமே கேட்கலாம்.

ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் ‘தேவையான பெரும்பான்மை: சாதாரணம் / 150’ என்று ஒரு நிரல் சேருங்கள். அந்த நிரல் இருந்தால் ‘வ’ என்பதன் பொருளை வாசகர் தானே விளங்கிக்கொள்வார்.

விலகலை (சபையில் இருந்துகொண்டு வாக்களிக்காதது) வராததோடு சேர்க்க வேண்டாம். 2025 ஓகஸ்ட் 5 அன்று பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு 177 சார்பு, எதிர் இல்லை, ஒருவர் விலகல். அந்த ஒருவர் அங்கே இருந்து, விலகுகிறேன் என்று பதிந்தவர். அது ஒரு நிலைப்பாடு.

---

முதற்கோலாசான் எழுதியது:

72க்கும் 82க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிரலாகப் போடுவது நல்ல யோசனை. ஏற்கிறேன். ‘தப்பி ஓடினார்’ என்ற சொல் மட்டும் அட்டவணைக்குள் வரக்கூடாது.

இன்னொன்று. சபாநாயகர் முதலில் வாக்களிக்க மாட்டார், சமநிலை வந்தால் மட்டும் அறுதியிடும் வாக்கு. இதுவும் 72இல் இருக்கிறது. ஆகவே சபாநாயகராக இருந்த காலத்தில் ஒருவரின் வரிசை முழுக்க வெறுமையாக இருக்கும். அதை ‘வ’ என்று நிரப்பினால் பெரிய அநியாயம். ‘ச’ என்று தனிக் குறி வையுங்கள். பிரதிச் சபாநாயகரோ குழுத் தவிசாளரோ அன்று அக்கிராசனத்தில் இருந்தால் அவருக்கும் அப்படியே.

---

மருதானை நானா எழுதியது:

யாரும் சொல்லாத ஒரு பொறி: இரகசிய வாக்கு.

2022 யூலை 20 அன்று பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தது. ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3, நிராகரிக்கப்பட்டவை 4, வாக்களிக்காதவர் 2. கூட்டினால் 225. இது 1981ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி நடந்த இரகசிய வாக்கெடுப்பு. ஒருவர் யாருக்குப் போட்டார் என்பதற்கு ஆவணமே கிடையாது. கட்சி அறிவித்த முடிவு இருக்கும், உறுப்பினர் வெளியே சொன்னது இருக்கும். அவற்றை ‘கூற்று’ நிரலில் போடலாம், ‘வாக்கு’ நிரலில் போட முடியாது. சபாநாயகர், பிரதிச் சபாநாயகர் தெரிவுக்குப் போட்டி வந்தாலும் இரகசிய வாக்குத்தான். ‘82 பேரின் பெயர்ப் பட்டியல்’ என்று யாராவது அனுப்பினால் அது ஊகம்.

கட்சி வாக்கை ஆளின் வாக்காக எடுப்பதும் இதே மாதிரிப் பிழை. 20ஆம் திருத்தத்தில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிராக வாக்களித்தார், அவருடைய கட்சி உறுப்பினர்கள் சார்பாக. மக்கள் காங்கிரஸிலும் தலைவர் ரிஷாட் பதியுதீன் எதிர், அவருடைய ஆட்களில் சிலர் சார்பு. தலைவரின் அறிக்கையை வைத்து உறுப்பினரின் கட்டத்தை நிரப்பியிருந்தால் முழுக்கத் தலைகீழ்.

இப்படி மாறிப் போடுவதற்கு விலையும் உண்டு. முஸ்லிம் காங்கிரஸின் அஹமட் நஸீர் கட்சி முடிவுக்கு மாறாக வரவு செலவுத் திட்டத்துக்குச் சார்பாக வாக்களித்ததற்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். உறுப்புரை 99(13)இன்படி கட்சி நீக்கினால் ஆசனமும் போகும், உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்று சொன்னால் தவிர. 2023 ஒக்டோபர் 6 அன்று நீதிமன்றம் நீக்கம் செல்லும் என்றது, ஆசனம் போனது. அதனால் ‘கட்சி முடிவு’ என்று ஒரு நிரல் போட்டால் அட்டவணை நிறையக் கதை சொல்லும்.

கொழும்புக்காரருக்கென்று ஒன்று: யார் எப்போது உறுப்பினராக இருந்தார் என்று முதலில் சரிபாருங்கள். 2020இல் மாவட்டத்துக்கு 19 ஆசனம், 2024இல் 18. அதில் 14 தேசிய மக்கள் சக்திக்கு, 4 ஐக்கிய மக்கள் சக்திக்கு. மனோ கணேசன் 2024இல் மாவட்டத்தில் தெரிவாகவில்லை, டிசம்பரில்தான் தேசியப்பட்டியலில் வந்தார். தேர்தலுக்கும் அதற்கும் இடைப்பட்ட நாட்களின் கட்டங்கள் அவருக்கு ‘வ’ அல்ல, ‘உறுப்பினர் அல்ல’.

---

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

நன்றி, நானா. குறிகள் இப்படி வைக்கிறேன்: சா, எ, வில, வ, ச, உறுப்பினர் அல்ல, வாக்கெடுப்பு இல்லை, இரகசியம். எட்டும் இல்லாமல் முடியாது போலிருக்கிறது.

வெளியே கதைத்தது பற்றி யாராவது சொல்லுங்கள். அதுதான் எனக்குத் தலையிடி.

---

ஒலிவாங்கி எழுதியது:

சபைக்குள் சொன்னது, சபைக்கு வெளியே சொன்னது என்று முதலில் பிரியுங்கள். சட்டத்தின் முன் இரண்டும் ஒன்றல்ல. சபைக்குள் கதைத்ததற்கு உறுப்பினருக்கு 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாராளுமன்ற (அதிகாரங்களும் சிறப்புரிமைகளும்) சட்டத்தின் காப்பு இருக்கிறது. அதே வசனத்தைப் பத்திரிகையாளர் மாநாட்டில் சொன்னால் அந்தக் காப்பு இல்லை. சிலர் உள்ளே ஒரு பெயரைச் சொல்வார்கள், வெளியே வந்ததும் ‘அந்த ஆள்’ என்பார்கள். ஒப்பிடும்போது இந்த இடைவெளியை ‘பின்வாங்கினார்’ என்று எழுதிவிட வேண்டாம். வக்கீல் சொன்ன புத்தியாகவும் இருக்கலாம்.

மொழி. ஹன்சாட்டில் உரை பேசிய மொழியிலேயே அச்சாகும், மொழிபெயர்ப்பு கிடையாது. சிங்களத்தில் பேசினால் சிங்களத்தில்தான். நேரலையில் காதில் கேட்கிற தமிழ் உடனடி மொழிபெயர்ப்பாளருடையது, உறுப்பினருடையது அல்ல. வேகத்தில் நிபந்தனைச் சொற்கள் விழுந்துபோகும். ‘திருத்தினால் ஆதரிப்போம்’ என்பதில் முதல் சொல் விழுந்தால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். ஆகவே சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக்கொண்டு மூல வரியைப் பார்த்து, உங்கள் தமிழாக்கம் என்று வெளிப்படையாகப் போடுங்கள். மேற்கோள் குறிக்குள் போடுவதானால் அவர் தமிழிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று என்றால் எது மூலம் என்று கேட்டீர்கள். இரண்டும் மூலம்தான். இரண்டையும் திகதியோடும் நேரத்தோடும் அடுத்தடுத்து வையுங்கள். ஒரே நாளா, வாக்கெடுப்புக்கு முன்னா பின்னா என்பது முக்கியம். முன்னர் சொன்னது வாக்குறுதி, பின்னர் சொன்னது விளக்கம்.

சேமிப்பது: காணொளி என்றால் முழு நீளத்தின் இணைப்பும் அந்த வசனம் வரும் நிமிடமும் நொடியும். முப்பது நொடித் துண்டை மூலமாக எடுக்க வேண்டாம். துண்டு போட்டவர் கேள்வியை வெட்டியிருப்பார், பதில் மட்டும் நிற்கும். முகநூல் பதிவு என்றால் ‘திருத்திய வரலாறு’ பார்க்கலாம். பதிவு அழிக்கப்படும் முன் வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளம்) ஏற்ற முயலுங்கள், ஏறாவிட்டால் முகவரிப் பட்டையும் திகதியும் தெரியத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுங்கள். கடிதத்தலைப்போடு சுற்றும் ‘அறிக்கை’ படங்களை, கட்சியின் சொந்தப் பக்கத்தில் அதே படம் இருந்தால் ஒழிய, தொடவே வேண்டாம். கடிதத்தலைப்பை வெட்டி ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

பழைய பத்திரிகைச் செய்தி வேண்டுமானால் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் சில நூலகம் இணையத்தளத்திலும் கிடைக்கும். ஒரு செய்தியை மட்டும் நம்பாமல் மறுநாள் இதழையும் புரட்டுங்கள். மறுப்பு, திருத்தம் எல்லாம் மறுநாள்தான் வரும், அதுவும் உள்பக்கத்தின் மூலையில்.

---

கறுவாத்தோட்டம் 7 எழுதியது:

ஹன்சாட்டிலும் தளத்திலும் கிடைக்காத ஆவணத்துக்கு (வரவுப் பதிவு மாதிரி) 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பாராளுமன்றத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாளுக்குள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறும் தகவலை மறுக்க அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதனால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காமல் ‘இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை இன்னாரின் வரவுப் பதிவின் பிரதி’ என்று கேளுங்கள். கேள்வியாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், ஆவணமாகக் கேட்டால் தேடித்தான் ஆக வேண்டும்.

---

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

மாதிரிக்கு ஓர் ஆளை எடுத்து நிரப்பிப் பார்த்தேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

சரத் வீரசேகர. 2015.04.28, 19ஆம் திருத்தம், தேவை 150, எ. அப்போது திகாமடுல்ல மாவட்ட உறுப்பினர். 2022.10.21, 21ஆம் திருத்தம் (சட்டமூலத் தலைப்பில் 22), தேவை 150, எ. அப்போது கொழும்பு மாவட்டம். விளைவு: 179க்கு 1. குறிப்பு: இரண்டு தடவையும் தனி ஒருவராக எதிர்த்தவர்.

---

பத்தி எண் எழுதியது:

நல்லாயிருக்கிறது, இரண்டு இடத்தில் கை வையுங்கள். 2022க்கு ஒரே வரிசை போதாது. 179க்கு 1 என்பது இரண்டாம் மதிப்பீடு. மூன்றாம் மதிப்பீட்டில் சார்பு 174, எதிர் ஒன்றுமே இல்லை, விலகல் ஒன்று. எதிர் சுழி என்று இருக்கும்போது அந்த வரிசையில் யாருக்கும் ‘எ’ போட முடியாது. இரண்டு வரிசையாக்கி, இரண்டாவதில் பெயர்ப் பட்டியலைப் பார்த்து நிரப்புங்கள். ‘21ஆம் திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தார்’ என்று பொதுவாக எழுதாமல் ‘இரண்டாம் மதிப்பீட்டில்’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் யாரும் குறை சொல்ல ஏலாது.

மாவட்டத்தை வரிசைக்கு வரிசை எழுதியது மிகச் சரி. ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தடவை எழுதியிருந்தால் 2015 வாக்கும் கொழும்புக் கணக்கில் ஏறியிருக்கும்.

---

மருதானை நானா எழுதியது:

2020.10.22ஐ விட்டுவிட்டீர்கள். 19ஐ எதிர்த்தவர், 21ஐ எதிர்த்தவர் என்று மட்டும் போட்டால் எல்லாத் திருத்தத்தையும் எதிர்ப்பவர் மாதிரித் தெரியும். நடுவில் 20 இருக்கிறது, அதில் அவர் சார்பு. மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால்தான், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைக்கிற இரண்டுக்கும் எதிர், கூட்டுகிற ஒன்றுக்குச் சார்பு என்ற கோடு தெரியும். அதன் பிறகு அவருடைய கூற்றுகளைத் தேடுங்கள். எதைத் தேடுவது என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

---

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

சேர்த்துவிட்டேன். 2022 வரிசையையும் இரண்டாக்கிவிட்டேன். இரண்டாவதன் கட்டத்தைப் பட்டியல் பார்க்கும் வரை வெறுமையாக விட்டிருக்கிறேன். அடுத்தது 2025 வரவு செலவுத் திட்டம்: இரண்டாம் மதிப்பீடு 155க்கு 46, மூன்றாம் மதிப்பீடு 159க்கு 45. இதையும் இரண்டு வரிசையாகத்தான் போட வேண்டும் என்று இப்போது கேட்காமலே தெரிகிறது.